ரோபோ சுமோ களம்: வாங்குவதா, வீட்டிலேயே செய்வதா?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளும் அவள் தோழிகள் இருவரும் 500 கிராம் மினி சுமோ ரோபோ செய்கிறார்கள். எதிராளி ரோபோவை வட்டத்துக்கு வெளியே தள்ளும் ஆட்டம் அது. பழகுவதற்கு வட்டக் களம் வேண்டுமாம். இணையத்தில் விற்கும் களத்தின் விலை ரோபோவின் செலவைவிட அதிகமாக இருக்கிறது. ஆசாரியிடம் சொல்லிச் செய்யலாமா? ப்ளைவுட் கடையில் மரைன் ரகம்தான் தாங்கும் என்கிறார்கள்.

பதில்: தாராளமாகச் செய்யலாம். மரைன் ப்ளைவுட் வேண்டாம். தண்ணீரில் கிடக்கும் இடங்களுக்கான ரகம் அது. ஐஎஸ் 710 என்ற தர எண்ணோடு வரும். வீட்டுக்குள் வைக்கும் களத்துக்கு ஐஎஸ் 303 முத்திரையுள்ள சாதாரண எம்ஆர் (ஓரளவு ஈரம் தாங்கும்) ரகமே போதும். மிச்சமாகும் பணத்தை மேற்பரப்புக்குச் செலவழியுங்கள். சுமோ களத்தில் எல்லாமே அங்கேதான் இருக்கிறது.

முதலில் அளவு. மினி சுமோ களத்தின் விட்டம் 77 செ.மீ., உயரம் 2.5 செ.மீ., ஓரத்து வெள்ளைக் கோட்டின் அகலம் 2.5 செ.மீ. அந்த 77-க்குள் வெள்ளைக் கோடும் அடக்கம். பலர் 77-க்குக் கறுப்பு அடித்துவிட்டு அதற்கு வெளியே வெள்ளை அடிக்கிறார்கள். களம் 82 ஆகிவிடுகிறது. நடுவில் ஆணி அடித்து, ஒரு ரீப்பர் துண்டில் 38.5 செ.மீ. தள்ளி பென்சிலைக் கட்டி வெளிவட்டம் போடச் சொல்லுங்கள். 36 செ.மீ.யில் உள்வட்டம். நடுவே 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு பழுப்புக் கோடுகள், ஒவ்வொன்றும் 10 செ.மீ. நீளம், 1 செ.மீ. அகலம். ஆட்டம் தொடங்கும்போது ரோபோக்கள் நிற்பது அவற்றுக்குப் பின்னால்தான்.

12 மி.மீ. பலகையில் இரண்டு வட்டம் வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் 24 மி.மீ. மேலே 1 மி.மீ. மைக்கா ஒட்டினால் கணக்கு சரியாக 25. எட்டுக்கு நாலு அடி ஷீட்டில் இந்த வட்டம் மூன்றுதான் வரும். எனவே மூன்று அணிகள் சேர்ந்து இரண்டு ஷீட் வாங்கினால் ஆளுக்கொரு களம் கிடைத்துவிடும். தனியாகச் செய்கிறீர்கள் என்றால், அலமாரி வேலை நடக்கும் பட்டறையில் 80 செ.மீ. சதுரத்துக்கு வெட்டு மிச்சம் இருக்கிறதா என்று கேளுங்கள். பலகையைத் தரையில் போட்டு, இரும்பு அளவுகோலை நிமிர்த்தி மேலே வைத்துப் பாருங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்தால் அந்தத் துண்டு வேண்டாம். சுமோ ரோபோவின் முன்பக்கத் தகடு தரையை உரசிக்கொண்டே எதிராளியின் அடியில் நுழையப் பார்க்கும். மேடு பள்ளம் இருந்தால், நல்ல ரோபோவும் அங்கே முட்டி நிற்கும்.

இனி கறுப்பு. இதில் நான் ஒருமுறை நன்றாக ஏமாந்தேன். எங்கள் வீட்டில் செய்த முதல் களத்துக்குக் கறுப்புத் துணி ஒட்டினோம். ரோபோ நடுக்களத்திலேயே பின்வாங்கிப் பின்வாங்கிச் சுற்றியது. புரோகிராமில் தப்பு என்று இரண்டு நாள் தேடினோம். தப்பு துணியில் இருந்தது. ஓரத்துக் கோட்டைக் கண்டுபிடிக்கும் சென்சார் பார்ப்பது அகச்சிவப்பு ஒளியை. நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் சில சாயங்கள் அந்த ஒளியை அப்படியே திருப்பி அனுப்பிவிடும்; சென்சாருக்கு அது வெள்ளை. ஆகவே பெயின்டோ மைக்காவோ, எதுவானாலும் முதலில் சின்ன டின் அல்லது சாம்பிள் துண்டு மட்டும் வாங்குங்கள். கறுப்பின்மேலும் வெள்ளையின்மேலும் ரோபோவை வைத்து சென்சார் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் வெகுதூரம் விலகி இருந்தால்தான் மிச்சத்தை வாங்க வேண்டும். பளபளக்கும் கறுப்பும் வேண்டாம், மேட் கறுப்புதான் சரி.

மைக்காவை ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பலகை வளையக்கூடும். அடிப்பக்கத்துக்குப் பழைய மைக்கா ஏதாவது போதும்; உயரம் அதன் கனத்துக்குக் கொஞ்சம் கூடும். வெள்ளை ஓரத்துக்கு ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். கூர்மையான தகடு அதன் விளிம்பை உரித்துவிடும். ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு எனாமல் வெள்ளை அடியுங்கள்.

அப்புறம், உங்கள் வீட்டுத் தரை வெள்ளை டைல்ஸா? களத்தைச் சுற்றி அரை மீட்டருக்காவது அடர்நிறப் போர்வை விரியுங்கள். களத்துக்கு வெளியே வெள்ளை கூடாது என்பது சில போட்டிகளின் விதியும்கூட.

கேள்வி: கல்லூரி அணிக்கு 3 கிலோ பிரிவுக் களம் தேவை, 154 செ.மீ. விட்டம். ஷீட்டின் அகலமோ 122 செ.மீ. இரண்டு ஷீட் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: மேல்தட்டுக்கு ஒன்றே போதும். இரண்டு அரைவட்டமாக வெட்டலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். எதிரும் புதிருமாக வைத்து வரைந்தாலும் இரண்டரை செ.மீ. அளவுக்கு இடிக்கிறது. வேறு வழி இருக்கிறது. ஷீட்டின் முழு அகலத்தில், 154 செ.மீ. நீளத்துக்கு நடுத்துண்டை எடுங்கள். மீதி 90 செ.மீ. பகுதியில் 94 செ.மீ. நீளமும் நடுவில் 16 செ.மீ. அகலமும் உள்ள இரண்டு வில் வடிவத் துண்டுகளைக் குறுக்குவாட்டில் வெட்டி இருபுறமும் சேர்த்தால் வட்டம் முழுமையாகிவிடும். இணைப்பு மையத்திலிருந்து 61 செ.மீ. தள்ளி வருவதால் மோதல் நடக்கும் நடுப்பகுதியில் ஒட்டே இருக்காது. இணைப்புக்கு அடியில் ரீப்பர் சட்டம் கொடுத்து, மொத்த உயரத்தை 5 செ.மீ.க்குக் கொண்டுவாருங்கள்.

ஆனால் ஆர்டர் கொடுக்கும் முன் நீங்கள் போகும் போட்டியின் விதியைப் படித்துவிடுங்கள். இந்த விளையாட்டு பிறந்த ஜப்பானில் 3 கிலோ களத்தின் மேற்பரப்பு இரும்பு. ரோபோக்கள் அடியில் காந்தம் வைத்துத் தரையைப் பிடித்துக்கொள்கின்றன. உங்கள் போட்டியும் அப்படியென்றால் மரக்களத்தில் பழகியது அங்கே உதவாது. இந்த அளவுக்கு 1 மி.மீ. இரும்புத் தகடே சுமார் 14.6 கிலோ வரும். வண்டிக்கூலி, தூக்குகூலியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கேள்வி: 12 மி.மீ. என்று பில் போட்டுக் கொடுத்த பலகை, அளந்தால் 10-தான் இருக்கிறது. வெட்டிய பிறகு மாற்ற முடியாது என்கிறார்கள்.

பதில்: பில்லில் 12 என்று இருந்தால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள், வெட்டிய துண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். கடைக்கு எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் செய்தியும் சான்றுதான். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். அடுத்த முறை வெட்டும் முன்பே, கடை வாசலில் வைத்து, நான்கு மூலையிலும் அளந்துவிடுங்கள்.