கௌரவத் தூதர் பதவியை ஏற்கலாமா?

மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். துறைமுக ஊர் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இரும்புக்கடையும் சிமென்ட் இறக்குமதியும் நடத்துகிறார். அங்கே நிரந்தரக் குடியிருப்பு உரிமையும் வாங்கிவிட்டார். இந்தியாவின் கௌரவத் தூதராக (ஹானரரி கான்சல், அதாவது முழுநேர அதிகாரியாக இல்லாமல் சொந்தத் தொழிலோடு தூதரக வேலையும் பார்ப்பவர்) இருக்கச் சம்மதமா என்று அவரிடம் கேட்டிருக்கிறார்கள். கூடவே இன்னொரு சங்கதி. அங்கே தேர்தல் வருகிறது. ஆளுங்கட்சியிலும் எதிர்க்கட்சியிலும் அவருக்கு நண்பர்கள் உண்டு. இரு தரப்பையும் உட்காரவைத்துச் சமாதானம் பேசச் சொல்கிறார்களாம். "பதவியை ஏற்றால் அதைச் செய்யலாமா? கடைக்கு ஏதும் பாதிப்பு வருமா?" என்பது அவர் கேள்வி.

பதவியை ஏற்றுக்கொள்ளுங்கள். அந்தப் பேச்சுவார்த்தை மட்டும் வேண்டாம். நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறீர்கள் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. அதனால்தான் சட்டத்தைச் சொல்லும் முன் ஒரு மனிதரின் கதையைச் சொல்ல நினைக்கிறேன்.

வில்லியம் பாவ்லி, 1896-ல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் பிறந்தவர். அப்பாவுக்குக் கியூபாவில் வியாபாரம், அதனால் பையனின் படிப்பில் ஒரு பகுதி அங்கே. ஸ்பானிஷ் சரளம். 1928-ல் கியூபாவில் ஒரு விமான நிறுவனத்துக்குத் தலைவராகி, சில ஆண்டுகளில் அது பான் அமெரிக்கன் கைக்கு மாறியதும் சீனாவுக்குப் போய் விமானத் தொழிற்சாலை வைத்தார். ஜப்பானியப் படை முன்னேற முன்னேற அந்தத் தொழிற்சாலை இடம் மாறி, கடைசியில் பர்மா எல்லை வரை வந்தது. நம் பெங்களூருவிலும் அவர் கை உண்டு. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசின் பணத்தோடு ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தைத் தொடங்கியபோது, தொழில்நுட்பத்துக்கும் ஆட்களுக்கும் துணை நின்றவர் பாவ்லிதான். இன்றைய எச்.ஏ.எல். அதுதான். தொழிலில் கெட்டிக்காரர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்புறம்தான் தூதர் பதவி. ஜனாதிபதி ட்ரூமன் ஆட்சியில் 1945-ல் பெருவுக்கும் 1946-ல் பிரேசிலுக்கும் அமெரிக்கத் தூதர். 1948-ல் பதவி முடிந்தது, பழக்கம் முடியவில்லை. கையில் தூதர் என்ற பெயர், பையில் சொந்தப் பணம், எல்லா ஊர் அதிபர்களின் வீட்டுக் கதவும் திறந்திருக்கும். 1954-ல் குவாத்தமாலாவின் அர்பென்ஸ் ஆட்சியைக் கவிழ்க்க அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ நடத்திய வேலையில், கலகக்காரர்களுக்குப் போர் விமானங்கள் கிடைக்கச் செய்ததில் அவருக்குப் பங்கு உண்டு. அதே ஆண்டு, சிஐஏயின் ரகசிய வேலைகளை ஆராய ஜனாதிபதி ஐசன்ஹோவர் அமைத்த நால்வர் குழுவிலும் அவரே ஓர் உறுப்பினர்.

உங்கள் கேள்விக்கு நேரே பொருந்துவது 1958 டிசம்பர் 9 இரவு. கியூபாவில் காஸ்ட்ரோவின் ஆட்கள் முன்னேறிக்கொண்டிருந்தார்கள். பாவ்லி ஹவானா போய் சர்வாதிகாரி பாதிஸ்தாவைத் தனியே சந்தித்தார். சுமார் மூன்று மணி நேரப் பேச்சு. பதவியை விட்டு இறங்குங்கள், புளோரிடாவின் டேடோனா பீச்சில் குடும்பத்தோடு நிம்மதியாக இருங்கள், ஒரு தற்காலிக அரசு வரட்டும், காஸ்ட்ரோவும் வர முடியாது என்பது யோசனை. பாதிஸ்தாவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இது யார் சொல்வது? ஐசன்ஹோவரா, நீங்களா? ஜனாதிபதி பெயரைச் சொல்லக் கூடாது என்று வாஷிங்டன் பாவ்லிக்கு முன்கூட்டியே கட்டளை போட்டிருந்தது. எனவே அவரால் பதில் சொல்ல முடியவில்லை. பாதிஸ்தா மறுத்துவிட்டார்.

இதில் எனக்கு இன்னும் வருத்தம் தருவது ஒன்று உண்டு. ஹவானாவில் அமெரிக்காவின் முறையான தூதராக ஏர்ல் ஸ்மித் இருந்தார். அவரும் வியாபாரத் துறையிலிருந்து வந்தவர்தான். பாவ்லியின் பயணம் அவருக்குத் தெரியாமலே நடந்தது. எட்டே நாளில், டிசம்பர் 17 அன்று, அதே ஸ்மித் பாதிஸ்தாவிடம் போய், இனி அமெரிக்க ஆதரவு இல்லை என்று அரசின் பெயரால் சொன்னார். ஒரே நாட்டிலிருந்து இரண்டு குரல்: ஒன்று யாருடையது என்றே தெரியாதது, இன்னொன்று தாமதமாக வந்தது. 1959 புத்தாண்டு விடியும் முன் பாதிஸ்தா டொமினிக்கன் குடியரசுக்கு ஓடினார். கியூபா காஸ்ட்ரோவிடம் போனது. அன்றிரவு அமெரிக்க அரசின் பெயரைச் சொல்ல அனுமதித்திருந்தால் காரியம் நடந்திருக்கும் என்ற எண்ணம் பாவ்லியை விட்டுப் போகவில்லை. 1963-ல் தன் சொந்தப் படகையே கொடுத்து காஸ்ட்ரோவுக்கு எதிரான ஒரு ரகசியக் குழுவைக் கியூபாக் கரைக்கு அனுப்ப உதவினார். கரைக்குப் போனவர்கள் திரும்பவே இல்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். நீங்கள் ஒரு தரப்பிடம் பேச உட்காரும் நிமிஷத்தில், பாதிஸ்தாவின் கேள்விதான் எதிரே இருப்பவர் மனதிலும் ஓடும். இது இந்தியா சொல்வதா, சிமென்ட் விற்பவர் சொல்வதா? நீங்கள் "நான் தனிப்பட்ட முறையில் பேசுகிறேன்" என்று நூறு தடவை சொன்னாலும் அவர் நம்ப மாட்டார். நாளை தோற்ற கட்சிக்காரர், இந்தியா எங்களுக்கு எதிராக வேலை செய்தது என்பார். ஜெயித்த கட்சி உங்களுக்குத் துறைமுகத்தில் ஒரு சலுகை கொடுத்தால், ஊரே அதற்கு ஒரு காரணம் கண்டுபிடிக்கும்.

சட்டமும் இதையேதான் சொல்கிறது. தூதரகப் பணிகள் பற்றிய 1963-ம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 55-வது பிரிவு, உள்நாட்டு விவகாரங்களில் தலையிடக் கூடாது என்று சொல்கிறது. அது கௌரவத் தூதர்களுக்கும் பொருந்தும். மீறினால் அந்த நாடு காரணமே சொல்லாமல் உங்களை ஏற்க முடியாதவர் என்று அறிவிக்கலாம். பதவி போவதைவிட அந்த ஊரில் உங்கள் பெயர் போவதுதான் பெரிய நஷ்டம்.

வியாபாரத்தை விட வேண்டாம். சம்பளம் வாங்கும் முழுநேரத் தூதரக அதிகாரிகள் தனி லாபத்துக்குத் தொழில் செய்யக் கூடாது. அந்தத் தடை கௌரவத் தூதர்களுக்கு இல்லை. ஆனால் பலர் நினைப்பதுபோல் இந்தப் பதவி ஒரு கவசமும் இல்லை. உங்களுக்குக் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பு, தூதர் வேலையாகச் செய்ததற்கு மட்டும். நீங்கள் அந்த நாட்டில் நிரந்தரமாகக் குடியிருப்பவர் என்பதால் அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்க முடியாது. கடைக்கு வரும் வரி நோட்டீஸ், சுங்க வழக்கு, வாடிக்கையாளர் தொடுக்கும் வழக்கு எல்லாம் முன்பு போலவே வரும். வரி விலக்கோடு வரவழைக்க முடிவது தேசியக் கொடி, முத்திரை, அலுவலகச் சாமான் போன்றவற்றைத்தான். அந்தப் பெட்டியோடு கடைச் சரக்கு ஒன்றைக்கூடச் சேர்த்துவிடாதீர்கள்.

பலரும் கோட்டை விடும் இடம் காகிதம். தூதரகக் கோப்புகளை யாரும் தொட முடியாது என்ற பாதுகாப்பு உண்டுதான். ஆனால் கௌரவத் தூதர் விஷயத்தில், அவை உங்கள் சொந்தக் கடிதங்களிலிருந்தும் தொழில் கணக்குகளிலிருந்தும் தனியாக வைக்கப்பட்டிருந்தால் மட்டும்தான். ஒரே மேஜை டிராயரில் பாஸ்போர்ட் விண்ணப்பமும் சிமென்ட் பில்லும் கிடந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். எனவே கடைக்கு வெளியே ஒரு சின்ன அறை, அதற்குத் தனிப் பூட்டு. தனி மின்னஞ்சல், தனி போன் எண், தனி லெட்டர்பேட். தூதர் லெட்டர்பேடில் கடைக்காக ஒரு வரிகூட எழுதாதீர்கள், வங்கி மேலாளருக்கு எழுதும் சாதாரணக் கடிதமாக இருந்தாலும்.

சமாதானம் பேசச் சொல்லும் நண்பர்களிடம் என்ன சொல்வது? "இந்தப் பதவி வந்தபின் நான் அரசியல் பேச முடியாது, நீங்கள் சொன்னதைத் தூதரகத்துக்கு எழுத மட்டும் முடியும்" என்று சொல்லுங்கள். அன்றே உங்களுக்கு மேலே உள்ள இந்தியத் தூதரகத்துக்கு யார் வந்தார், எப்போது வந்தார், என்ன கேட்டார் என்று நாலு வரி எழுதி அனுப்புங்கள். அவர்கள் பேசச் சொன்னால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பேச வேண்டாம் என்றால் பேசாதீர்கள். கட்சி நன்கொடை, கட்சிக்குக் கடன் கொடுப்பது, பிரசாரத்துக்கு லாரி தருவது எல்லாவற்றையும் இன்றே நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே கொடுத்தது ஏதாவது இருந்தால், நியமனம் முடிவாகும் முன் தூதரகத்திடம் நீங்களே சொல்லிவிடுங்கள். பின்னால் பத்திரிகையில் படித்து அவர்கள் தெரிந்துகொள்ளும் நிலை வேண்டாம்.

அந்த நாட்டு அரசின் ஒப்புதல் கடிதம் கைக்கு வரும் வரை பெயர்ப்பலகையும் மாட்டாதீர்கள்.