கணினியில் கெமர் மொழி: கட்டற்ற மென்பொருள் கேள்வி பதில்

கம்போடியத் தலைநகர் ப்னோம் பென்னில் சிறு தொண்டு நிறுவனங்களின் கணினிகளை லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்துக்கு மாற்றித் தருவதும், அந்நாட்டு மொழியான கெமரில் உள்ள பழைய ஆவணங்களைச் சீர்செய்து தருவதும் என் வேலை. கம்போடியாவில் இருக்கும் தமிழர்களும், கம்போடியர்களோடு சேர்ந்து வேலை செய்பவர்களும் அனுப்பிய கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஆடை ஆலையில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். பழைய தொழிலாளர் அறிவிப்புக் கோப்புகளைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாக உளறலாகத் தெரிகிறது. எந்த எழுத்துருவை இறக்கினால் சரியாகும்?

பதில்: அது லிமோன் கோப்பு. லிமோன் எழுத்துருக்களில் ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடங்களில் கெமர் உருவங்களைப் பொருத்தி வைத்திருந்தார்கள். நம் ஊரில், எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடு வருவதற்கு முன், ஆளுக்கொரு தமிழ் எழுத்துரு வைத்திருந்தோமே, அதே கதைதான். கோப்புக்குள் இருப்பது கெமரே அல்ல. லிமோனை நிறுவினால் திரையில் கெமராகத் தெரியும், அதோடு சரி. தேட முடியாது, வரிசைப்படுத்த முடியாது, இன்னொருவருக்கு அனுப்பினால் மறுபடி உளறல்தான்.

மாற்றுவதுதான் ஒரே வழி. கட்டற்ற மென்பொருளைக் கெமரில் கொண்டுவந்த கெமர் ஓஎஸ் திட்டத்தார் எழுதிய கெமர் கன்வர்ட்டர் என்ற கட்டற்ற நிரல் இதற்காகவே இருக்கிறது. லிமோன், ஏபிசி போன்ற பழைய முறைகளிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும். மாற்றியதும் கெமர் தெரிந்த ஒருவரை உட்கார வைத்து வரி வரியாகப் படிக்கச் சொல்லுங்கள். சம்பளம், விடுப்பு பற்றிய அறிவிப்பில் ஓர் எழுத்து புரண்டாலும் பாதிக்கப்படுவது தொழிலாளிதான். புதிதாக எதையும் லிமோனில் அடிக்காதீர்கள், அடிக்கவும் விடாதீர்கள்.

கேள்வி: அண்ணா, சிறிய நாடு, போரால் சீரழிந்த நாடு. அங்கே கட்டற்ற மென்பொருளைத் தாய்மொழியில் கொண்டுவர வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது?

பதில்: 2004-இல் கம்போடியத் திறந்த மன்றம் என்ற அமைப்பில் கெமர் ஓஎஸ் திட்டம் தொடங்கியது. அதை ஒருங்கிணைத்தவர் ஹாவியேர் சோலா. அவர்கள் கேட்ட கேள்வி நேரடியானது: கணினியைத் தொடுவதற்கு ஒரு கம்போடியர் முதலில் ஏன் ஆங்கிலம் படிக்க வேண்டும்?

அன்றைய நிலையை நினைத்துப் பாருங்கள். கெமர் 1999-இலேயே யூனிகோடில் சேர்ந்துவிட்டது. ஆனால் விண்டோஸ் எக்ஸ்பியில் கெமர் எழுத்துகளைக் கோத்துக் காட்டும் வசதி இயல்பாக இல்லை. 2007-இல் வந்த விஸ்டாவில்தான் கெமர் எழுத்துருவும் விசைப்பலகையும் கூடவே வந்தன. அதற்குள் இவர்கள் ஓப்பன் ஆஃபிஸ் அலுவலகத் தொகுப்பை மொழிபெயர்த்துவிட்டார்கள். ஃபயர்பாக்ஸ் உலாவியை மேகலா என்ற பெயரிலும் தண்டர்பேர்ட் மின்னஞ்சல் நிரலை மொயூரா என்ற பெயரிலும் வெளியிட்டார்கள். மேகலா என்பது நம் மணிமேகலைக் காப்பியத்தில் வரும் அதே கடல் தெய்வம்தான். கெமர் கதையில் அவள் கையிலிருக்கும் மணி ஒளிர்வதுதான் மின்னல்.

எழுத்துருக்களை வடித்தவர் டான் ஹொங். கெமர் ஓஎஸ் என்று தொடங்கும் பெயர்களில் அவற்றை எல்ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் கொடுத்தார்கள். யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம். கம்போடியாவில் இன்று எந்த அலுவலகக் கடிதத்தை எடுத்தாலும் அந்தக் குடும்பத்து எழுத்துரு ஒன்று கண்ணில் படும். காசு கேட்டிருந்தால் லிமோன் இன்னும் நெடுநாள் ஆண்டிருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு வருத்தமும் உண்டு. மொழிபெயர்ப்பு ஒருமுறை செய்து முடிக்கிற வேலை அல்ல. மென்பொருள் வளர வளரப் புதிய வரிகள் சேர்ந்துகொண்டே இருக்கும். மெனுவில் நடுநடுவே ஆங்கிலம் எட்டிப் பார்க்கிறது என்றால் காரணம் இதுதான். கெமர் நன்றாகத் தெரிந்த நண்பர்கள் இருந்தால் லிப்ரே ஆஃபிஸ் அலுவலகத் தொகுப்பின் வெப்லேட் மொழிபெயர்ப்புத் தளத்தையோ ஃபயர்பாக்ஸின் பான்டூன் தளத்தையோ காட்டுங்கள்.

கேள்வி: கெமர் எழுத்து பல்லவர் எழுத்திலிருந்து வந்ததாமே? தமிழர்களுக்குப் படிக்க எளிதா?

பதில்: வந்தது உண்மை. தேதியிட்ட கெமர் கல்வெட்டுகளில் மிகப் பழையது அங்கோர் போரேயில் கிடைத்த 611-ஆம் ஆண்டுக் கல்வெட்டு. மற்றதைக் கல்வெட்டு அறிஞரிடம் கேளுங்கள், என் துறை அல்ல.

கேள்வி: உபுண்டு லினக்ஸில் கெமர் விசைப்பலகையைச் சேர்த்தேன். எல்லா எழுத்தும் வருகிறது, நாலைந்து விசைகள் மட்டும் கட்டம் கட்டமாகக் காட்டுகின்றன. எழுத்துரு கெட்டுவிட்டதா?

பதில்: நல்ல கேள்வி. எழுத்துருவில் குற்றம் இல்லை. கெமர் விசைப்பலகையில் சில விசைகள் இரண்டு குறிகளைச் சேர்த்துத் தர வேண்டும். 'ஆம்', 'உம்' போல ஒலிக்கும் கூட்டு உயிர்க்குறிகள் அவை, மொத்தம் ஐந்து. லினக்ஸின் அடிப்படை விசைப்பலகை அமைப்போ ஒரு விசைக்கு ஓர் எழுத்துதான் தரும். அதனால் அந்த ஐந்துக்கும் யூனிகோடில் எழுத்தே ஒதுக்கப்படாத இடங்களைத் தற்காலிக அடையாளமாக வைத்து, கம்போஸ் அட்டவணை அவற்றை இரண்டு குறிகளாக விரிக்கும்படி செய்திருக்கிறார்கள். நீங்கள் பயன்படுத்தும் நிரல் அந்த அட்டவணையைப் படிக்காவிட்டால் வெற்று இடம் அப்படியே விழும். அதுதான் நீங்கள் பார்க்கும் கட்டம்.

கீமேன் என்ற விசைப்பலகை நிரலை நிறுவி, ஐபஸ் என்ற உள்ளீட்டு அமைப்பின் வழியாகக் 'கெமர் அங்கோர்' விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவும் கட்டற்ற மென்பொருள்தான். வரிசை மாற்றி அடித்தாலும் பல இடங்களில் தானே திருத்திக்கொள்ளும். கட்டத்தோடு சேமித்த பழைய கோப்புகளைத் தேடித் திருத்திவிடுங்கள், அவை தானாகச் சரியாகாது.

கேள்வி: சார், பழைய கெமர் கோப்பு ஆங்கில எழுத்தாகத் தெரிகிறது. எந்த எழுத்துரு?

பதில்: லிமோன். முதல் பதிலைப் படியுங்கள். எழுத்துரு தேட வேண்டாம், மாற்றுங்கள்.

கேள்வி: பள்ளி மாணவர் பட்டியல் வைத்திருக்கிறோம். ஒரே பெயர் இரண்டு வரிசையில் இருக்கிறது, கண்ணுக்கு ஒரு வேறுபாடும் இல்லை. தேடினால் ஒன்றுதான் அகப்படுகிறது.

பதில்: கெமரில் கண்ணை நம்பாதீர்கள். ஒரே தோற்றத்துக்குப் பின்னால் வெவ்வேறு எழுத்துத் தொடர்கள் ஒளிந்திருக்கலாம்.

கெமரில் ஒரு மெய்யின் கீழ் இன்னொரு மெய் அடியெழுத்தாக ஒட்டும். ஜேங் என்ற குறியை அடித்து அடுத்த மெய்யை அடித்தால் அது கீழே போய் உட்காரும். டகரத்தின் அடியெழுத்தும் தகரத்தின் அடியெழுத்தும் ஒரே உருவம். தட்டச்சு செய்தவர் எதை அடித்தார் என்று அச்சைப் பார்த்துச் சொல்லவே முடியாது. இது முதல் காரணம்.

அடுத்தது உயிர்க்குறிகள். தமிழில் 'கொ'வை ஒற்றைக் குறியாக அடித்தாலும், கொம்பும் காலுமாகப் பிரித்து அடித்தாலும் யூனிகோட் இரண்டையும் சமமாகக் கொள்ளும், நெறிப்படுத்தினால், அதாவது ஒரே வடிவுக்குக் கொண்டுவந்தால், ஒன்றாகிவிடும். கெமரில் அந்தச் சமன்பாடு வரையறுக்கப்படவில்லை. ஓகாரக் குறியை இரண்டு துண்டாக அடித்தவரின் பெயர், நெறிப்படுத்திய பிறகும் வேறு பெயராகவே நிற்கும். அடியெழுத்துக்கு முன்பே உயிர்க்குறியை அடித்துவிடுபவர்களும் உண்டு. சில எழுத்துருக்களில் அது அப்படியே சரியாகத் தெரிந்துவிடுகிறது.

மெய், அடியெழுத்து, மெய்யின் ஒலிப்பை மாற்றும் குறி இருந்தால் அது, உயிர்க்குறி, பிற குறிகள் என்பதுதான் வரிசை. அடியெழுத்து இரண்டு இருந்து அதில் ஒன்று ரகரம் என்றால் ரகரம் கடைசியில். பட்டியலில் சேர்க்கும்போதே இந்த வரிசையைச் சரிபார்க்கும் சிறு நிரல் ஒன்றை எழுதி வையுங்கள்.

கேள்வி: கெமரில் சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லையே, வரி எங்கே முறியும்? கண்ணுக்குத் தெரியாத இடைவெளி போடச் சொல்கிறார்கள். கட்டாயமா?

பதில்: அச்சுக்குப் போகும் உரை என்றால் போடுங்கள். பெயர், கோப்புப்பெயர், கடவுச்சொல், தேடல் இவற்றில் கூடவே கூடாது.

மறுப்பு (மொழிபெயர்ப்பாளர் ஒருவர்): எதற்குமே தேவையில்லை. இப்போதுதான் மென்பொருளே சொல் பிரிக்கிறதே.

பதில்: பிரிக்கிறது, ஓரளவுக்கு. லிப்ரே ஆஃபிஸும் குரோமியம் உலாவியும் ஐசியூ என்ற நிரல் நூலகத்தின் கெமர் சொற்பட்டியலை வைத்துப் பிரிக்கின்றன. பட்டியலில் இருக்கும் சொல்லுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். ஆள் பெயர், ஊர்ப் பெயர், புதிதாக வந்த பிறமொழிச் சொல் வந்தால் தடுமாறும். ஒரு கிராமத்தின் பெயரை நடுவில் வெட்டி அடுத்த வரிக்குத் தள்ளிய பாடப்புத்தகத்தைக் குழந்தை கையில் கொடுப்பீர்களா?

எதிர்வாதம் (மென்பொருளாளர் ஒருவர்): ஆனால் ஒருவர் போடுகிறார், ஒருவர் போடுவதில்லை. ஒரே சொற்றொடர் இரண்டு விதமாகச் சேமிக்கப்படுகிறது. நீங்களே மேலே திட்டிய குழப்பத்தை நீங்களே வளர்க்கிறீர்கள்.

பதில்: நியாயமான வாதம், அதனால் விரிவாகவே சொல்கிறேன். இந்தப் பழக்கம் மக்களின் விருப்பத்தால் வரவில்லை, விசைப்பலகையால் வந்தது. அரசின் நிடா விசைப்பலகையில் இடைவெளிப் பட்டையைத் தட்டினால் தெரியாத இடைவெளிதான் விழும். ஷிஃப்டோடு தட்டினால்தான் தெரியும் இடைவெளி. கணினியில் பழகியவர்கள் சொல்லுக்குச் சொல் தட்டிக்கொண்டே போவார்கள். கைபேசியில் எழுதுபவர்கள் பெரும்பாலும் அதைப் போடுவதே இல்லை. இரண்டு கூட்டமும் எழுதுவது ஒரே தரவுத்தளத்தில் வந்து சேரும்போதுதான் சிக்கல். அதற்காக எழுதுபவரைக் கட்டாயப்படுத்துவது வீண். தேடும்போதும் ஒப்பிடும்போதும் தெரியாத இடைவெளியை நீக்கிவிட்டு ஒப்பிட வேண்டியது நிரலின் கடமை. அதைச் செய்யாமல் எழுத்தாளரைக் குறை சொல்லும் மென்பொருளாளரோடு எனக்கு உடன்பாடில்லை.

மறுபடியும் மொழிபெயர்ப்பாளர்: மின்னஞ்சலில் ஒட்டினால் இது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: லிப்ரே ஆஃபிஸ் ரைட்டரில் ஒட்டி, வடிவமைப்புக் குறிகளைக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் மங்கலான சாய்கோடாகத் தெரியும்.

கேள்வி: லிப்ரே ஆஃபிஸில் எழுத்துருவை மாற்றினால் ஆங்கிலம் மட்டும் மாறுகிறது, கெமர் அப்படியே நிற்கிறது.

பதில்: கெமர், தமிழைப் போலவே, சிக்கலான எழுத்தமைப்பு என்ற தனிக் கணக்கில் வருகிறது. மொழி அமைப்புகளில் அந்த வகையை இயக்கி, கெமரைத் தேர்ந்தெடுங்கள். பிறகு எழுத்துருப் பெட்டியில் அந்தப் பகுதிக்கென்று தனியாக எழுத்துருவும் அளவும் கொடுங்கள். வரி உயரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள், இல்லாவிட்டால் கீழே அடியெழுத்துகள் வெட்டுப்படும்.

கேள்வி: பழைய கோப்பு, புரியாத எழுத்து, என்ன எழுத்துரு?

பதில்: லிமோன். முதல் பதில்.

கேள்வி: ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு நிரலில் கெமர் சிறு பத்திரிகை வடிவமைக்கலாமா? தலைப்புக்கு எந்த எழுத்து?

பதில்: 1.4 வரிசையில் முடியாது, எழுத்துகள் கோக்காமல் சிதறும். 1.6-க்குப் போங்கள். தலைப்புக்கு மூல் வகை, அதாவது உருண்டை எழுத்து. அரசுக் கடிதங்களின் தலைப்பில் 'நாடு, மதம், மன்னர்' என்ற வரி நிற்பதும் அந்த வகையில்தான். உடல் உரைக்குச் சியெம்ரீப் அல்லது பட்டம்பாங் எழுத்துரு. முழுப் பத்தியையும் மூலில் போடாதீர்கள், படிக்கவே முடியாது.

கேள்வி: பிடிஎஃப்பிலிருந்து கெமர் உரையை நகலெடுத்தால் எழுத்துகள் இடம் மாறி வருகின்றன.

பதில்: பல பிடிஎஃப்களில் இருப்பது வரைந்த உருவங்களின் வரிசை, எழுத்தின் வரிசை அல்ல. மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பக்கங்களைப் படமாக்கி டெசராக்ட் என்ற எழுத்துணரி நிரலின் கெமர் தரவோடு எழுத்துணரச் செய்து, பிறகு கையால் திருத்துங்கள்.

கேள்வி: மாணவர் பட்டியல் பற்றிக் கேட்டவன்தான். தெரியாத இடைவெளியை எல்லாம் நீக்கிவிட்டேன், பாதி இரட்டைகள் தீர்ந்தன. மீதியில் டகர-தகரச் சிக்கல். எது சரி என்று நிரலே முடிவு செய்யலாமா?

பதில்: கூடாது. ஒப்பிடுவதற்காக இரண்டையும் ஒன்றாகக் கருதும் மறைவான நெடுவரிசை ஒன்றைப் பட்டியலில் சேர்த்து, ஐயமுள்ள பெயர்களை அதை வைத்துப் பிரித்தெடுங்கள். பொதுச் சொல்லாக இருந்தால் சுவோன் நாத் அகராதியைப் பாருங்கள், 1938-இல் முதல் பகுதி வெளிவந்த அந்த அகராதிதான் இங்கே எழுத்துக்கூட்டலுக்கு அளவுகோல். ஆள் பெயருக்கு அகராதி உதவாது. பிறப்புச் சான்றிதழிலும் அச்சு ஒரே மாதிரிதான் இருக்கும், அதனால் அந்தக் குழந்தையின் வீட்டில் கேட்டு, அவர்கள் சொல்வதையே பதியுங்கள்.