சீட்டுக்கு அட்வான்ஸ், நகைக்கு டாப்-அப்

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. கணவர் தக்காளி மண்டிக்கு மினி லாரி ஓட்டுகிறார், நான் வீட்டிலேயே தையல். இருவருக்கும் சேர்த்து மாதம் 34,000 வரும். மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி. இப்போது பிளஸ் டூ. அரையாண்டில் கணக்கு 86, இயற்பியல் 84, வேதியியல் 88. என் அண்ணன் பெங்களூரு பக்கம் ஒரு கல்லூரியில் ஏஐ படிப்புக்கு சீட் பேசி வைத்திருக்கிறார். பொங்கலுக்குள் ஒன்றரை லட்சம் அட்வான்ஸ் தர வேண்டுமாம். பிறகு வருடம் இரண்டரை லட்சம் ஃபீஸ், ஹாஸ்டல் ஒரு லட்சம். மூன்று வருடம் முன்பு அண்ணன் போர்வெல் போட என் எட்டுப் பவுனை அடகு வைத்து 2 லட்சம் கொடுத்தேன். ஒன்றரை வட்டி, நான்தான் கட்டுகிறேன். பவுன் விலை ஏறிவிட்டதால் அதே நகை மேல் இன்னும் ஒன்றரை லட்சம் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். அண்ணி மாதம் 2,000 ரூபாயில் ஒரு கல்வி பாலிசியும் போடச் சொல்கிறார். மகள் என்னவோ அக்ரி படிக்கணும் என்கிறாள். தாய்மாமன் பேச்சைத் தட்டினால் உறவு போய்விடுமோ என்று தூக்கமே இல்லை.

பதில்: கல்லூரி விஷயம் கொஞ்சம் பொறுக்கட்டும் அம்மா. முதலில் அந்த அடகுச் சீட்டை எடுங்கள்.

ஒன்றரை வட்டி என்றால் 2 லட்சத்துக்கு மாதம் 3,000. மூன்று வருடத்தில் 1,08,000 கட்டிவிட்டீர்கள். அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. வருடா வருடம் வட்டியை மட்டும் கட்டி, நகையைத் திருப்பி வைத்துவிட்டு வருகிறீர்கள். உங்களைக் கெடுப்பது இந்தப் பழக்கம்தான். இப்போது அதன் மேல் ஒன்றரை லட்சம் ஏறினால் கடன் மூன்றரை லட்சம், மாதம் 5,250. மகள் நாலு வருடம் படித்து முடிக்கும்போது வட்டி மட்டும் 2,52,000 போயிருக்கும். அப்போதும் எட்டுப் பவுன் கடையில்தான் இருக்கும். பவுன் விலை ஏறினால் அந்த லாபம் உங்களுடையது. அதையே கடனாக உங்கள் கையில் திணித்து வட்டி வாங்கப் பார்க்கிறார் கடைக்காரர்.

அடுத்து அட்வான்ஸ். பரீட்சையே எழுதாத பெண்ணுக்கு என்ன அவசரம்? அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு பற்றி டீச்சர்கள் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அண்ணன் சொல்லாமல் விட்டது வேறு. அந்தச் சலுகை தமிழ்நாட்டுக் கலந்தாய்வு வழியாகச் சேருபவர்களுக்கு மட்டும்தான். முதல் பட்டதாரி சலுகையும் அப்படியே. பெங்களூரில் காசு கொடுத்து வாங்கும் சீட்டுக்கு இரண்டும் கிடையாது. ஆக, அந்த ஒன்றரை லட்சத்தைக் கொடுத்து 14 லட்சம் செலவை விலைக்கு வாங்குகிறீர்கள். உங்கள் வருட வருமானமே நாலு லட்சத்துச் சொச்சம்.

அந்தப் பணத்துக்கு ரசீது உண்டா என்று கேளுங்கள். ஃபீஸுக்கு மேல் நன்கொடை வாங்குவதைத் தடுக்கக் கர்நாடகத்தில் 1984-லேயே சட்டம் வந்துவிட்டது, நம் மாநிலத்தில் 1992-ல். அதனால்தான் இந்தப் பணத்துக்கு ‘அட்வான்ஸ்’, ‘புக்கிங்’ என்று பெயர் மாறுகிறது. வகுப்பு தொடங்கும் முன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்று ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) விதி சொல்கிறது. ஆனால் புரோக்கர் கையில் கொடுத்த நோட்டுக்கு எந்த விதியைக் காட்டுவீர்கள்? உங்கள் அண்ணன் கெட்ட எண்ணத்தில் செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவரிடமும் யாரோ ‘சீட் முடிஞ்சிடும்’ என்று பயமுறுத்தியிருப்பார்கள்.

ஏஐ பற்றிக் கேட்காமலே ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் எல்லோரும் மெக்கானிக்கல் கேட்டார்கள், இப்போது ஏஐ. படிப்பின் பெயரை மாற்ற கல்லூரிக்கு ஒரு போர்டு போதும். பாடம் நடத்த ஆசிரியர்கள் வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் தன்னுடன் இணைந்த கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை செமஸ்டர்தோறும் வெளியிடுகிறது. அதனுடன் இணைந்த எந்தக் கல்லூரியை யார் சொன்னாலும் முதலில் அந்தப் பட்டியலில் அதன் இடத்தைப் பாருங்கள். பாதிப் பிள்ளைகள் தேறாத கல்லூரியில் எந்தக் கிளை எடுத்தால் என்ன?

மகளின் மதிப்பெண்ணைப் போட்டுப் பார்த்தேன். கணக்கு அப்படியே 86, இயற்பியலில் பாதி 42, வேதியியலில் பாதி 44. கட்-ஆஃப் 200-க்கு 172. பொதுத்தேர்வில் ஏறலாம், இறங்கவும் செய்யலாம். போன வருடம் எந்தக் கல்லூரியில், எந்தக் கிளையில், எந்தப் பிரிவுக்கு எத்தனையில் முடிந்தது என்பது பொறியியல் சேர்க்கைத் தளத்தில் இருக்கிறது. செட்டிக்கரையில் இருக்கும் தருமபுரி அரசு பொறியியல் கல்லூரியையும் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியையும் முதலில் தேடட்டும். இரண்டும் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய தூரம்தான். வாசலில் நிற்கும் பிள்ளைகளிடம் ‘லேப் எப்படி, போன வருஷம் கேம்பஸுக்கு யார் வந்தாங்க’ என்று அவளே கேட்கட்டும். நீங்களும் அண்ணனும் தள்ளி நில்லுங்கள். விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம். பிடித்ததை மேலேயும் கிடைக்கக்கூடியதைக் கீழேயும் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இவ்வளவு எழுதிவிட்டு, மகளின் ஆசையை மட்டும் ‘என்னவோ அக்ரி’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். தக்காளி விலை விழுந்து கூடை கூடையாக ரோட்டோரம் கொட்டுவதைப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு அந்த எண்ணம் வருவதில் என்ன ஆச்சரியம்? வேளாண் படிப்புக்கும் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. கலந்தாய்வு தனி, விண்ணப்பமும் தனி. பொறியியலுக்குப் போட்டோமே என்று இதை விட்டுவிடாதீர்கள். பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, காவேரிப்பட்டணம் பக்கம் பையூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பரீட்சை முடிந்ததும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே வேலை பார்ப்பவர்கள் என்ன படித்தார்கள், நாள் முழுக்க என்ன செய்கிறார்கள் என்று நேரில் பார்த்தால் அது ஆசையா, வெறும் பேச்சா என்று அவளுக்கே தெரிந்துவிடும்.

இடம் கிடைத்தும் கட்டணம் இடித்தால் வங்கியில் கல்விக் கடன் கேளுங்கள். 4 லட்சம் வரை ஜாமீன் சொத்தும் வேண்டாம், கைப்பணமும் வேண்டாம். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கிடையாது. 18 சதவீத அடகுக்கடையில் கல்விக்கு என்ன வேலை?

அண்ணியின் பாலிசி யூலிப்பாக, அதாவது காப்பீட்டோடு சந்தை முதலீடும் சேர்ந்த திட்டமாக, இருக்கலாம். அதில் ஐந்து வருடம் பணத்தைத் தொட முடியாது. மகள் பட்டமே வாங்கியிருப்பாள். அப்புறம் என்ன கல்வி பாலிசி! கையெழுத்துப் போடாதீர்கள்.

அந்த 2,000-க்கு வேலை இருக்கிறது. இன்றைய விலைக்கு எட்டுப் பவுனில் ஒரு பகுதியை வைத்தாலே வங்கியில் 2 லட்சம் கிடைக்கும். வட்டி ஏறக்குறைய 10 சதவீதம். மீதி நகை வீட்டுக்கு வந்துவிடும். இப்போது கட்டும் 3,000-உடன் அந்த 2,000-ஐயும் சேர்த்து மாதம் 5,000 கட்டிக்கொண்டே வாருங்கள். வட்டி போக மீதியை அசலில் வரவு வைக்கச் சொல்லுங்கள். சுமார் நாலு வருடத்தில் கடன் தீரும். வருடம் ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்தால், குறைந்த அசலுக்கு மட்டும் புதுப்பியுங்கள். கடனை ஏற்றச் சொன்னால் கேட்காதீர்கள்.

கடையிலிருந்து நகையை மீட்க ஒரே ஒரு நாளைக்கு 2 லட்சம் கைமாற்று வேண்டும். அதை அண்ணனிடமே கேளுங்கள். “அண்ணா, சீட்டு விஷயம் ரிசல்ட் வந்ததும் பேசலாம். இப்போ காலையில் நகையை மீட்டு, மதியம் பேங்க்ல வெச்சு, சாயங்காலம் உங்க பணத்தைத் திருப்பிக் கொடுத்துடறேன். கூட வாங்க” என்று சொல்லுங்கள். பணத்தைப் புரட்டிக்கொண்டு வந்தாரானால், அன்றைக்கே போர்வெல் கடனுக்கு அவர் பங்காக மாதம் 1,500 கேட்டுவிடுங்கள்.