பேச்சு வைத்தியம் என் நடுக்கத்தைப் போக்குமா?

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 28. காவேரிப்பட்டணத்தில் வசிக்கிறேன். கிருஷ்ணகிரி அருகே ஒரு மாங்கூழ் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து இந்தத் தை மாதத்துடன் ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. கூழின் இனிப்பையும் புளிப்பையும் அளந்து குறிப்பதில் நான் தவறியதில்லை. ஆனால் கொள்முதல் செய்ய வருகிறவர்களிடம் அந்த அளவுகளை விளக்கச் சொன்னால், குரல் அடைத்து, முகம் வியர்த்து, கை நடுங்கத் தொடங்கிவிடுகிறது. வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காபி கொடுக்கும்போதுகூட, சிந்திவிடுமோ என்று டம்ளரைப் பாதிதான் நிரப்புகிறேன். இந்தப் பயத்தால் சென்ற ஆண்டு பதவி உயர்வையும் மறுத்துவிட்டேன். கூச்ச சுபாவம்தான், கல்யாணமானால் சரியாகிவிடும் என்கிறார் அம்மா. மேடைப்பேச்சுப் பயிற்சிக்கு மூன்று மாதம் போயும் பலனில்லை. பேச்சு வைத்தியம் என்கிறார்களே, அந்த உளவியல் சிகிச்சையால் இது உண்மையிலேயே குணமாகுமா? மாத்திரை சாப்பிட்டே ஆக வேண்டுமா?

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

குணம் பெற நல்ல வாய்ப்பு இருக்கிறது. 101 மருத்துவப் பரிசோதனைகளில் பங்கேற்ற 13,000-க்கும் மேற்பட்டோரின் முடிவுகளைத் தொகுத்து, 2014-இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் வெளியான ஆய்வு, பிறர் முன் பேசவும் செயல்படவும் எழும் மிகையான பயமாகிய சமூகப் பதற்றத்துக்கு முதலில் பரிந்துரைக்க வேண்டியது, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் அறிதல் நடத்தைச் சிகிச்சையைத் தனிநபருக்கு அளிப்பதே என்ற முடிவுக்கு வந்தது. மாத்திரைகளும் பலன் தருகின்றன. ஆயினும் அவற்றை நிறுத்தியபின் பயம் திரும்புவதுண்டு, சிகிச்சையில் கற்றதோ பெரும்பாலும் நிலைக்கிறது. ஆகவே மாத்திரை உங்களுக்குக் கட்டாயமில்லை. மனநல மருத்துவர் தேவையென்று கருதினால் அதை ஏற்பதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை.

பேச்சுப் பயிற்சி ஏன் உதவவில்லை என்பதற்கான விடை, உங்கள் காபி டம்ளரிலேயே இருக்கிறது. காபி சிந்தாதபோது, ‘சிந்தும் என்று நினைத்தது தவறு’ என்று மனம் கற்பதில்லை. ‘பாதி நிரப்பியதால் தப்பித்தேன்’ என்றுதான் கற்கிறது. இப்படி நம்மைக் காப்பதாக நினைத்துச் செய்யும் செயல்களும், பிறரைப் பார்க்காமல் நம் குரலையும் கையையுமே கவனித்துக்கொண்டிருப்பதும் பயத்தை ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைத்திருக்கின்றன என்பதை கிளார்க், வெல்ஸ் ஆகிய இரு உளவியலாளர்கள் 1995-இல் விளக்கினார்கள். நீங்கள் மேடையேறினீர்கள், ஆனால் இந்தக் காவல்களையும் சுமந்துகொண்டே ஏறியிருப்பீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர்களின் வழியிலான சிகிச்சையில், டம்ளரை விளிம்புவரை நிரப்பி, வேண்டுமென்றே கையைச் சற்று நடுங்கவிட்டு, எதிரில் இருப்பவரின் முகத்தில் உண்மையில் என்ன தெரிகிறது என்று பார்க்கச் சொல்வார்கள். நீங்கள் பேசுவதைக் காணொளியாகப் பதிவுசெய்து, எவ்வளவு நடுக்கம் தெரியும் என்று முன்கூட்டியே எழுதவைத்து, பிறகு இரண்டையும் ஒப்பிட வைப்பார்கள். உள்ளே புயலாக இருந்தது வெளியே அவ்வளவாகத் தெரியவில்லை என்பதைத் தம் கண்ணாலேயே காணும்போது பலர் கண்கலங்குவதை நான் பார்த்திருக்கிறேன். பேச்சு வைத்தியம் என்று நீங்கள் குறிப்பிட்டாலும், இதில் பேச்சைவிடச் செய்துபார்ப்பதே அதிகம். பிரிட்டனின் 2013-ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டி நெறிமுறை, இந்தச் சிகிச்சைக்கு ஏறத்தாழ நான்கு மாதங்களில், 90 நிமிடங்கள் வீதம் 14 அமர்வுகள் வரை பரிந்துரைக்கிறது.

தொடக்கத்தில் பதற்றம் கூடும். அனைவருக்கும் முழுக்குணம் கிட்டுவதும் இல்லை, சிலருக்குப் பாதியளவே குறைகிறது. எனினும், பதவி உயர்வையே விட்டுக்கொடுக்க வைத்த ஒன்றை வெறும் கூச்சமென்று ஒதுக்கி, திருமணம்வரை காத்திருக்கச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. உங்கள் அம்மாவையும் முதல் சந்திப்புக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைச் சந்தித்து, இது சமூகப் பதற்றம்தானா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். எங்கிருந்து தொடங்குவது என்று தயங்கினால், 14416 என்ற எண்ணில், அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸில் எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். சிகிச்சையாளரிடம், ‘அறைக்கு வெளியேயும் செய்துபார்க்கும் பயிற்சிகள் உண்டா?’ என்று தவறாமல் கேளுங்கள். இப்போது தை மாதம். நான்கு மாதங்கள் என்று கணக்கிட்டால், உங்கள் ஆலைக்கு மாம்பழ வரத்து தொடங்கும் வைகாசிக்குள் அமர்வுகள் முடிந்துவிடும்.