தோட்டத்தை விற்பதற்கு முன் அவளுடைய ரெக்கார்டு நோட்டைத் திறந்து பாருங்கள்

சென்ற வாரம் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தந்தையும் தாயும் மகளுடன் என்னைப் பார்க்க வந்தார்கள். இரண்டு முறை நீட் எழுதியும் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைக்காமல் அந்தப் பெண் வீட்டில் இருக்கிறாள். தாய்மாமன் ஓர் ஏஜெண்டைப் பிடித்திருக்கிறார், வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ப்பதற்காக இரண்டு ஏக்கர் தோட்டத்துக்கு விலை பேசியாகிவிட்டது. அந்தத் தாய் கண் கலங்கியபோது ஆறுதலாகச் சில வார்த்தைகள் சொன்னேன். ஆனால் ஆறுதல் கடனை அடைக்காது என்பதால், அன்று சொல்ல வேண்டியிருந்ததை இப்போது எழுதுகிறேன்.

ஐயா, அந்தத் தோட்டத்தை விற்காதீர்கள். வெளிநாட்டில் குறைந்தது 54 மாதப் படிப்பு, அங்கே ஓராண்டுப் பயிற்சி, திரும்பி வந்ததும் தகுதித் தேர்வு, அதன்பின் இங்கே மேலும் ஓராண்டுப் பயிற்சி என்பதுதான் இன்றைய விதி. இவ்வளவு நீண்ட ஓட்டத்தை, ஓட விரும்பாத பிள்ளையின் தலையில் கட்டுவது நியாயமில்லை. உங்கள் மகள் மருத்துவராக வேண்டும் என்று என்னிடம் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. உறவினர் முன் தலை நிமிர வேண்டும் என்று சொன்னது நீங்கள்.

அவள் கொண்டுவந்திருந்த வேதியியல் ரெக்கார்டு நோட்டை நான் புரட்டியதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். ப்யூரெட் (திரவத்தை அளந்து விடும் கண்ணாடிக் குழாய்) அளவுகளில் ஓரிடத்தில் தவறாக எழுதிய எண்ணை அவள் அழிக்கவில்லை, அதன்மேல் திருத்தி எழுதவும் இல்லை. ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, தன் முதலெழுத்தையும் தேதியையும் இட்டிருந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவள் செய்த இதைத்தான் மருத்துவப் பரிசோதனைக் கூடங்கள் தங்கள் பணியாளர்களுக்குப் பழக்குகின்றன. அந்தக் கை எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி என்ற துறையை உங்கள் உறவில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். மூலக்கூறுகளுக்கு மின்னேற்றம் கொடுத்து, வெற்றிடத்தில் பறக்கவிட்டு, நிறைக்கும் மின்னேற்றத்துக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு ஒவ்வொன்றையும் பிரித்து அறியும் முறை அது. பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுத்த இரத்தத்தைத் தாளில் உலர்த்தி, அதிலிருந்து மூன்று மில்லிமீட்டர் வட்டத்தை வெட்டியெடுத்தால், இரண்டு மூன்று நிமிட ஓட்டத்தில் பல பரம்பரை வளர்சிதைமாற்றக் குறைபாடுகளை, அதாவது உணவை உடல் பயன்படுத்தும் வேதிச்செயலில் பிறவியிலேயே உள்ள கோளாறுகளை, ஒரே நேரத்தில் தேட முடியும். 1990-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டேவிட் மில்லிங்டனும் அவருடைய குழுவினரும் இந்த வழியைத் திறந்தார்கள். சிறுநீரகம் மாற்றப்பட்டவருக்கு டாக்ரோலிமஸ் என்ற மருந்து குறைந்தால் உடல் அந்த உறுப்பை ஏற்காது, கூடினால் அதே சிறுநீரகம் கெடும். இரத்தத்தில் அதன் அளவைத் துல்லியமாகச் சொல்லவும் இதே கருவிதான் உதவுகிறது.

இதில் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கருவியை விற்கும் நிறுவனம் கருவியைத் தருகிறது. பரிசோதனை முறையைப் பெரும்பாலும் அந்தந்தக் கூடமே உருவாக்கி, சரிபார்த்து, பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது. மாதிரியில் உள்ள உப்பும் கொழுப்பும் நாம் தேடும் மூலக்கூறு மின்னேற்றம் பெறுவதைத் தடுத்துவிட்டால், உண்மையில் அதிகமாக உள்ள பொருளைக் கருவி குறைவாகக் காட்டும். அதை ஈடுகட்டத்தான் டியூட்டீரியம் (எடை கூடிய ஹைட்ரஜன்) போன்ற ஐசோடோப்பு சேர்த்த அதே பொருளை ஒவ்வொரு மாதிரியிலும் தெரிந்த அளவில் கலக்கிறார்கள். இரண்டும் ஒரேபோலத் தடைபடுவதால், ஒப்பிட்டு உண்மை அளவை அறியலாம். இவை பெரும்பாலான பட்டப்படிப்புகளில் முழுமையாகக் கிடைப்பதில்லை.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் எம்.எஸ்.ஏ.சி.எல். (MSACL) என்ற அறிவியல் சங்கம் அமெரிக்காவில் உருவானது. மருத்துவக் கூடத்தில் இந்தக் கருவியோடு வேலை செய்வோருக்காகவே நடக்கும் சங்கம் அது. ஆண்டுக் கூட்டத்துக்கு முன் குறும்படிப்புகளை நடத்துகிறது. முதன்முறையாகக் கருவியைத் தொடுபவருக்கு ஒன்று, ஓரளவு பழகியவருக்கு ஒன்று, முடிவுகளைக் கணினியில் அலச விரும்புவோருக்கு ஆர் (R) என்ற நிரல்மொழியில் ஒன்று என்று படிப்படியாக அமைத்திருக்கிறார்கள். மாதிரியை எப்படித் தயாரிப்பது, கருவி அழுக்கானால் எந்த அறிகுறி முதலில் தெரியும், புதிய முறையை எப்படிச் சரிபார்ப்பது என்பவற்றை அன்றாடம் அந்த வேலையைச் செய்பவர்களே வந்து சொல்லிக்கொடுக்கிறார்கள். இளம் ஆய்வாளர்களுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு. சங்கத்தின் ஆய்விதழைக் கட்டணமின்றி யாரும் படிக்கலாம். ஈரோட்டில் உட்கார்ந்திருக்கும் உங்கள் மகளும் இன்றிரவே படிக்கலாம். சிபாரிசுக்கு ஆள் இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய துணை எனக்குத் தெரியவில்லை.

நம் நாட்டிலும் ஆதரவு இல்லாமல் இல்லை. 1978-இல் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சார்ந்து தொடங்கிய இந்திய மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி சங்கம் கருத்தரங்குகளோடு பயிற்சிப் பட்டறைகளையும் நடத்திவருகிறது. மருத்துவ உயிர்வேதியியலாளர் சங்கத்துக்காக வேலூர் சி.எம்.சி. நடத்தும் தரச் சோதனைத் திட்டத்தில், ஒரே மாதிரியைப் பல கூடங்களுக்கு அனுப்பி, யாருடைய விடை விலகுகிறது என்று பார்க்கிறார்கள்.

செலவைப் பற்றி உறுதியாகச் சொல்கிறேன். பி.எஸ்ஸி. வேதியியலோ உயிர்வேதியியலோ அரசுக் கல்லூரியில் சேருங்கள். கட்டணத்துக்காகத் தோட்டத்தைத் தொட வேண்டியிராது. எம்.எஸ்ஸி. முடித்த பிறகு ஹைதராபாத், பெங்களூரு, சென்னையில் மருந்துகளின் இரத்த அளவைச் சோதிக்கும் ஆய்வகங்களில் இந்தக் கருவியில் கைபழகலாம். தொடக்கச் சம்பளம் பெரிதாக இராது, மருத்துவக் கூடங்களில் இந்தக் கருவி இன்னும் பரவலாகவும் வரவில்லை. இரண்டையும் மறைக்க மாட்டேன். அமெரிக்கக் கூட்டத்துக்குக் கடன் வாங்கி அனுப்பாதீர்கள். உதவித்தொகை கிடைத்தால் போகட்டும், இல்லையென்றால் இதழும் இந்தியப் பட்டறைகளும் இப்போதைக்குப் போதும்.

டாக்டர் என்று அழைக்கப்படாவிட்டால் மதிப்பில்லை என்று தாய்மாமன் சொன்னால், கோய்ச்சி தனாகாவைப் பற்றிச் சொல்லுங்கள். ஷிமாட்சு நிறுவனத்தில் பொறியாளராக வேலை பார்த்தவர். முனைவர் பட்டம் பெறாதவர். பெரிய உயிர்மூலக்கூறுகளைச் சிதைக்காமல் மின்னேற்றம் பெற வைத்ததற்காக 2002-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

ஏஜெண்டிடம் முன்பணம் கொடுத்திருந்தால் இந்த வாரமே திருப்பிக் கேளுங்கள். அடுத்த முறை வரும்போது அந்த ரெக்கார்டு நோட்டை மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள். இந்தத் துறையில் இருக்கும் ஒருவரிடம் அதைக் காட்ட விரும்புகிறேன். அன்று பேச வேண்டியவள் அவள்; நீங்களும் நானும் கேட்டுக்கொண்டிருப்போம்.