90,000-க்கு நூலா, 3.5 லட்சத்துக்கு ஃபேஸ்லிஃப்டா?

கேள்வி: வயது 57. தாடையோரமும் கழுத்தும் தொங்கிவிட்டன. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். அண்ணா நகர் கிளினிக் ஒன்றில், தோலுக்கடியில் நூல் கோர்த்துத் தூக்கும் த்ரெட் லிஃப்டுக்கு 90,000 ரூபாய் சொல்கிறார்கள். ஒரு மருத்துவமனையில் முழு ஃபேஸ்லிஃப்ட் அறுவைக்கு 3.5 லட்சம். மெடிக்ளெய்ம் 10 லட்சத்துக்கு இருக்கிறது. 8 லட்ச ரூபாய் எஃப்.டி. முதிர இன்னும் 14 மாதம். தை மாதம் மகள் கல்யாணம். என்ன செய்யலாம்? – வாசகி, நங்கநல்லூர்

பதில்: மெடிக்ளெய்மை மறந்துவிடுங்கள். தோற்றத்துக்காகச் செய்யும் அறுவைக்குப் பாலிசியில் இடமில்லை. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பு என்றால்தான் கிடைக்கும். வருமான வரியில் மருத்துவக் காப்பீட்டுக்குக் கிடைக்கும் கழிவிலும் இந்தச் செலவைக் காட்ட முடியாது. மருத்துவத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாதே என்று நினைத்திருப்பீர்கள். அழகு அறுவைக்கு 18% உண்டு. கொட்டேஷனில் அது சேரவில்லை என்றால் 90,000 என்பது 1,06,200 ஆகும், 3.5 லட்சம் 4,13,000 ஆகும்.

தோலுக்கடியில் கோர்க்கும் பி.டி.ஓ. நூல் ஏறக்குறைய ஆறு மாதத்தில் கரைந்துவிடும். தூக்கலாகத் தெரிவது ஒன்று, ஒன்றரை வருடம். முழு அறுவையில் தோலோடு நிற்காமல், அடியிலுள்ள ஸ்மாஸ் படலத்தையும் இழுத்துத் தைப்பார்கள். அதனால் ஏழு முதல் பத்து வருடம் தாங்கும். பத்து வருடத்தில் ஆறு முறை நூல் போட்டால் 6,37,200 ரூபாய், அதுவும் விலையே ஏறாவிட்டால். இவ்வளவு கொடுத்தும் கழுத்துத் தொங்கலை நூல் சரிசெய்யாது. தாடையோரம் லேசாகத் தளர்ந்த நாற்பது வயதுக்காரர் கேட்டிருந்தால் என் பதில் வேறு. நடுவில் மினி ஃபேஸ்லிஃப்ட் என்று ஒன்று உண்டு: கீறல் சின்னது, சீக்கிரம் எழுந்து நடமாடலாம். ஆனால் உங்கள் கழுத்துக்கு அதுவும் பற்றாது.

முழு அறுவையில் அதிகம் வரும் சிக்கல், தோலுக்கடியில் ரத்தம் கட்டுவது. பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில் வரும். பிரஷர்காரர்களுக்கு வாய்ப்பு கூடுதல். கட்டினால் மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோய் அதை வெளியேற்ற வேண்டும். அந்தச் செலவு யாருடையது? எழுத்தில் வாங்குங்கள், இன்சூரன்ஸ் அதற்கும் கைகொடுக்காது. மயக்க மருந்து டாக்டர் ஃபீஸ், ரூம் வாடகை, முகத்தில் கட்டும் பட்டை எல்லாம் 3.5 லட்சத்துக்குள்ளா என்றும் கேளுங்கள். இவை போக 75,000 ரூபாயாவது தனியாக ஒதுக்கி வையுங்கள்.

பணம் புரட்ட எஃப்.டி.யை உடைக்க வேண்டாம். உடைத்தால் இதுவரை ஓடிய காலத்துக்கான வட்டியில் அரை முதல் ஒரு சதவீதம் பிடிப்பார்கள். அதன் மேல் கடன் எடுத்தால் எஃப்.டி. வட்டியைவிட ஒன்று, இரண்டு சதவீதம்தான் கூடுதல்; முதலும் அப்படியே இருக்கும். கிளினிக்காரர் நீட்டும் ‘வட்டியில்லா தவணை’யை நம்புமுன், மொத்தமாகக் கட்டினால் எவ்வளவு என்று கேட்டுப்பாருங்கள், வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கல்யாணச் செலவுக்கும் இதே எஃப்.டி.தான் என்றால், இந்தப் பேச்சையே தைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பணம் தனியாக இருந்தாலும், வீக்கமும் ரத்தக்கட்டும் வெளியில் தெரியாத அளவுக்கு வடிய இரண்டு மூன்று வாரம், முழுக்க அடங்கச் சில மாதம் ஆகும். முகூர்த்தத்துக்கு மூன்று மாதம் முன்பே முடிக்க முடியாவிட்டால் தள்ளிப்போடுங்கள். அட்வான்ஸ் கட்டுமுன் டாக்டர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. முடித்தவரா என்று பார்த்து, பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் சரிபாருங்கள். அறுவையன்று பிரஷர் ஏறி தேதி தள்ளினால் அட்வான்ஸ் என்னாகும் என்பதையும் ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள்.