அசையாத கை நீள்வது எப்படி?

கையை அசைக்காமலே அசைந்த மாதிரி உணர வைக்கலாமாமே, உண்மையா?

உண்மைதான். முழங்கையை மடக்கி, உள்மடிப்பில் விரலை வைத்துப் பாருங்கள். கயிறு போல விறைப்பாக ஒன்று தட்டுப்படும். அதுதான் மேல்கையின் முன்பக்கத் தசையான பைசெப்ஸை எலும்போடு இணைக்கும் தசைநாண். கையைத் தளர விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, நொடிக்கு 80 முறை போல அதிரும் கருவியை அதன்மேல் அழுத்தினால், முழங்கை மெல்ல விரிவது போல இருக்கும். தசை இழுபடுவதைக் கவனிக்கும் உணரிகள் தசைக்குள்ளேயே உண்டு. அதிர்வு அவற்றைத்தான் தூண்டுகிறது. 'பைசெப்ஸ் நீள்கிறது, அப்படியானால் கை விரிகிறது' என்று மூளை கணக்குப் போட்டுவிடும். 1972-இல் குட்வின், மெக்லாஸ்கி, மேத்யூஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இதைக் காட்டும்வரை, அசைவை உணர்வதெல்லாம் மூட்டுகளின் வேலை என்றே பலர் நம்பியிருந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

போனை அதிரவிட்டுப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லையே?

போன் அதிர்வு தோலில் குறுகுறுக்கும்; தசைநாணை உலுக்கும் அளவுக்குப் பெரும்பாலும் வலு இருக்காது. கையை இறுக்கினாலும், கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாலும் மாயை அடங்கிப்போகும். எல்லாம் சரியாக இருந்தும் சிலருக்கு வருவதில்லை.

அப்படியென்றால் விஆரில் (மெய்நிகர் உலகைக் கண்முன் காட்டும் தொழில்நுட்பத்தில்) இதனால் என்ன பயன்?

விஆர் கண்ணாடியை மாட்டியதும் நிஜக் கை மறைந்துவிடுகிறது அல்லவா, அதுவே பெரிய வசதி. திரையில் தெரியும் கையும் அதே திசையில் விரிந்தால், இதுவரை எதிரியாக இருந்த பார்வை துணைக்கு வந்துவிடும். ஓர் அளவு வரை, அதிர்வெண்ணைக் கூட்டினால் வேகமாக அசைவது போலவும் இருக்கும். ஆனால் பைசெப்ஸையும், மேல்கையின் பின்பக்கத் தசையான ட்ரைசெப்ஸையும் ஒரே மாதிரி அதிர வைத்தால், இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, அசைவே தெரியாது. இன்னும் வலுவான மோட்டார் தேடுவதை விட, படத்தையும் அதிர்வையும் பொருத்துவதில் உழைப்பதே மேல் என்பேன்.

உடம்பு முழுக்கச் சாய்வது போல உணர வைக்க முடியுமா?

காதுகளுக்குப் பின்னால் மில்லியாம்பியர் அளவில் மின்னோட்டம் செலுத்திச் செய்கிறார்கள். தயவுசெய்து வீட்டில் முயல வேண்டாம்.

மூக்கு நீளும் என்கிறார்களே?

லாக்னர் என்ற ஆய்வாளர் 1988-இல் எழுதியது. மூக்கு நுனியைப் பிடித்தபடி பைசெப்ஸில் அதிர்வு கொடுத்தால், கை விலகுகிறது, விரலோ மூக்கிலேயே இருக்கிறது. இரண்டும் உண்மையாக வேண்டுமானால் மூக்கு நீண்டாக வேண்டுமே! பலருக்கு அப்படியே தோன்றுகிறது.